இன்று பாதி, அடுத்த வாரம் மீதி
(பொது அரங்கு ஒன்றில் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐசியூ வாசலில் நின்று எங்களைப் பார்த்து உறவினர்கள் கேட்கும் கேள்விகள் சில உண்டு. "மூணு நாளாச்சு டாக்டர், இன்னும் காலுக்கு ஆபரேஷன் பண்ணலையே?" என்பது ஒன்று. "வெளிய கம்பியை நட்டு வச்சிருக்கீங்க, உள்ள பிளேட் வைக்கத் தெரியாதா?" என்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை, கண்ணாலேயே கேட்பார்கள்: "பணம் கட்டலைன்னு நிறுத்தி வச்சிருக்காங்களோ?"

இந்தக் கேள்விகளில் தவறு ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது யார்தான் கேட்கமாட்டார்கள்? ஆனால் ஐசியூ வாசலில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. உட்கார்ந்து பேச வேண்டிய பதில். அதற்காகத்தான் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். பலத்த காயம்பட்டு உயிருக்குப் போராடும் ஒருவருக்கு, முறிந்த எலும்புகளை ஏன் ஒரே மூச்சில் சரிசெய்யாமல் இரண்டு கட்டமாகச் சரிசெய்கிறோம்? இதுதான் என் பொருள்.

ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். இவர் ஒரு தனி மனிதர் அல்லர். எங்கள் பிரிவுக்கு வருகிற பலரைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். இரவு பத்தரை மணி. நான்குவழிச் சாலை. பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி. பைக் போய் மோதுகிறது. இரண்டு தொடை எலும்புகளும் முறிகின்றன. விலா எலும்புகள் நாலைந்து உடைந்து, உள்ளே நுரையீரல் நசுங்குகிறது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது.

வளர்ந்த மனிதரின் உடலில் ரத்தம் எவ்வளவு? ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு தொடை எலும்பு முறிந்தால் எவ்வளவு ரத்தம் போகும் தெரியுமா? 1 லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை. தோல் கிழிந்திருக்காது, வெளியே ஒரு சொட்டும் தெரியாது. தொடை மட்டும் வீங்கிக்கொண்டே போகும். அத்தனை ரத்தமும் தசைக்குள்தான் தேங்குகிறது. இவருக்கு இரண்டு தொடைகள். அதற்கு மேல் மண்ணீரல். அதற்கும் மேல் நெஞ்சு. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த உடலுக்குள் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, உடல் குளிர்ந்து போகிறது. தார்ச்சாலையில் கிடந்த உடல், கத்தரித்து எறியப்பட்ட சட்டை, நரம்பு வழியாக ஏற்றிய குளிர்ந்த சலைன், ஏசி ஓடும் அறுவை அரங்கு என்று எல்லாம் சேர்ந்து அவரைக் குளிர்விக்கின்றன. இரண்டாவது, ரத்தம் போதாமல் தசைகளுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. அதனால் லாக்டிக் அமிலம் சேர்ந்து ரத்தம் புளிக்கிறது. மூன்றாவது, ரத்தம் உறைய மறுக்கிறது. உறைய வைக்கும் புரதங்கள் குளிரிலும் அமிலத்திலும் வேலை செய்யாமல் சோர்கின்றன. உறையாததால் மேலும் ரத்தம் போகிறது. ரத்தம் போகப் போக மேலும் குளிர்கிறது, மேலும் அமிலம் ஏறுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. எங்கள் நூல்கள் இதை மரண முக்கோணம் என்றே குறிக்கின்றன.

இந்த நிலையில் அவர் என் மேசை மீது கிடக்கிறார். இரண்டு தொடைகளையும் இப்போதே முழுமையாகச் சரிசெய்ய என்னால் முடியும். கருவி இருக்கிறது, ஆணி இருக்கிறது, செய்து பழகிய கையும் இருக்கிறது. நாலைந்து மணி நேரம் ஆகும். முடித்த பிறகு எக்ஸ்ரே எடுத்தால் படம் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்குரியவர் பொழுது விடிவதைப் பார்ப்பாரா?

நண்பர்களே, இந்தக் கேள்விக்கு விடை காண மருத்துவ உலகத்துக்கு நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹியூ ஓவன் தாமஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். வழிவழியாக எலும்பு கட்டும் வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். நம் ஊரில் புத்தூர்க் கட்டுக் குடும்பங்கள் இருப்பதைப் போல அங்கேயும் இருந்தன. அவர் உருவாக்கிய ஒரு கால் சட்டகம், இன்றும் தாமஸ் ஸ்பிளின்ட் என்ற பெயரிலேயே நம் அரசு மருத்துவமனைகளின் எலும்பு வார்டுகளில் இருக்கிறது. முதல் உலகப் போரில், தொடை எலும்பில் குண்டடி பட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் வரை இறந்ததாக அக்கால மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தாமஸின் மனைவி வழி உறவினரான ராபர்ட் ஜோன்ஸ் அந்தச் சட்டகத்தைப் போர்முனைக்குக் கொண்டுபோகப் பாடுபட்டார். 1917-ல் ஆர்ராஸ் போரில் அந்த இறப்பு நூற்றுக்கு 16 பேர் என்ற அளவுக்கு இறங்கியது. இந்த மாற்றத்தில் பெரும் பங்கு அந்தச் சட்டகத்துக்கு உண்டு. காலை அசையாமல் நீட்டிக் கட்டினார்கள். முறிந்த எலும்பு ஆடாமல் நின்றாலே பாதி ஆள் பிழைத்துவிடுகிறார் என்பதை அன்றே உலகம் கண்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான்.

அடுத்து, 1939-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் கீல் நகரம். கெர்ஹார்ட் கூன்ட்ஷர் என்ற மருத்துவர், முறிந்த தொடை எலும்பின் நடுவே ஓடும் மஜ்ஜைக் குழிக்குள் நீண்ட எஃகு ஆணி ஒன்றைச் செலுத்தினார். வாரக்கணக்கில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருக்க வேண்டியவர் விரைவிலேயே எழுந்து நடந்தார். இன்று உலகம் முழுவதும் தொடை எலும்பு முறிவுக்கு நாங்கள் போடுவது இந்த ஆணியின் வழிவந்ததைத்தான்.

ஆனாலும் பலத்த காயம்பட்டவர்களுக்கு இதைச் செய்ய மருத்துவர்கள் நெடுங்காலம் அஞ்சினார்கள். எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு உண்டு. எலும்பு முறிந்தால் அந்தக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். 1862-லேயே, நசுங்கி இறந்த ஒரு ரயில்வே தொழிலாளியின் நுரையீரலில் கொழுப்புத் துளிகளைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே, "இவர் ஆபரேஷனைத் தாங்கமாட்டார், கொஞ்ச நாள் போகட்டும்" என்பதே 1970-கள் வரை பொது வழக்கம். காலில் எடை கட்டி மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். ஆறு வாரம், எட்டு வாரம், பத்து வாரம். புரள முடியாது, உட்கார முடியாது, ஆழ மூச்சு விட முடியாது. முதுகில் புண் வரும். நுரையீரலில் சளி கட்டும். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி நெஞ்சுக்கு ஏறும். விபத்தில் தப்பியவர் படுக்கையில் போய்விடுவார்.

1980-களில் அலை திரும்பியது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் லாரன்ஸ் போன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் தொடை எலும்பு முறிந்த 178 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு 24 மணி நேரத்துக்குள் அறுவை. மற்றொன்றுக்கு 48 மணி நேரம் கழித்து. 1989-ல் முடிவு வெளிவந்தது. பல காயங்கள் பட்டவர்களில், தாமதமாகச் செய்யப்பட்டவர்களுக்கு நுரையீரல் கோளாறு கூடுதல், ஐசியூ நாட்களும் கூடுதல். "தாங்கமாட்டார், அதனால் செய்யாதே" என்ற பழைய குரல் போய், "செய்யாவிட்டால் தாங்கமாட்டார்" என்ற புதிய குரல் வந்தது. நல்ல குரல்தான். எத்தனையோ உயிர்களைக் காத்த குரல்.

ஆனால் ஒரு நல்ல உண்மையை அதன் எல்லைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? முதல் இரவிலேயே எல்லா எலும்புகளையும் எல்லோருக்கும் சரிசெய்துவிட வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது. தொடை இரண்டு, கை ஒன்று, இடுப்பு ஒன்று என்று இரவு முழுக்க அறுவை. காலையில் எக்ஸ்ரேயில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மூன்றாம் நாள் மூச்சுத் திணறும். பிறகு சிறுநீரகம் நிற்கும். அதன் பிறகு ஒவ்வோர் உறுப்பாக விடைபெறும்.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஹான்ஸ்-கிறிஸ்டோஃப் பாப்பே என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். 1993-ல் எழுதினார்கள். நெஞ்சில் பலத்த அடியோடு தொடை எலும்பும் முறிந்தவர்களுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் மஜ்ஜைக் குழியைக் குடைந்து ஆணி செலுத்தினால், மூன்றில் ஒருவருக்கு நுரையீரல் செயலிழப்பு வந்தது. அதே நெஞ்சடி பட்டு, பிந்தி அறுவை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவாகவே வந்தது.

காரணம் என்ன? மஜ்ஜைக் குழியைக் குடையும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கொழுப்பும் மஜ்ஜைத் துகளும் சிரைகள் வழியே நேராக நுரையீரலுக்குப் போகின்றன. ஏற்கெனவே நசுங்கிய நுரையீரல் அது. இன்னொன்றும் உண்டு. அடிபட்டவுடன் உடலின் தற்காப்புப் படை முழுவதும் கிளர்ந்து நிற்கிறது. இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் ரத்தத்தில் உயர்கின்றன. அந்த நேரத்தில் பெரிய அறுவை ஒன்றைச் செய்தால் கிளர்ச்சி இரட்டிக்கிறது. எதிரியைத் தாக்க எழுந்த படை சொந்த நுரையீரலையே தாக்குகிறது.

ஆகவே நண்பர்களே, முதல் அடி விபத்து கொடுத்தது. இரண்டாம் அடியை யார் கொடுக்கிறார்கள்? கத்தி பிடித்த நாங்கள்! இதை ஒப்புக்கொள்ள எங்கள் துறைக்கு மனத் துணிவு வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்ட பிறகுதான் வழி பிறந்தது.

வழி காட்டியவர்கள் எலும்பு மருத்துவர்கள்கூட அல்லர். வயிற்று அறுவை செய்கிறவர்கள். 1983-ல் அட்லாண்டா நகரில் ஸ்டோன் என்ற அறுவை மருத்துவர், ரத்தம் உறையாமல் போன நோயாளிகளின் வயிற்றைத் திறந்த பிறகு, எல்லாவற்றையும் தைத்து முடிக்கும் முயற்சியைக் கைவிட்டார். துணிச்சுருள்களைத் திணித்து ரத்தத்தை அமுக்கி, வயிற்றை மூடி, ஐசியூவுக்கு அனுப்பினார். உடல் தேறியதும் திரும்ப வந்து மிச்சத்தை முடித்தார். பழைய முறையில் முழு அறுவையும் செய்யப்பட்ட 14 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். பாதியில் நிறுத்தி அனுப்பப்பட்ட 17 பேரில் பிழைத்தவர்கள் 11 பேர். பத்தாண்டு கழித்து, 1993-ல், பிலடெல்பியா மருத்துவர்கள் இதை ஒழுங்கான முறையாக வகுத்தார்கள். போர்க்கப்பலில் ஓட்டை விழுந்தால் கடலிலேயே முழுப் பழுதும் பார்ப்பதில்லை. ஓட்டையை அடைத்து, தீயை அணைத்து, கப்பலை மிதக்க வைத்துத் துறைமுகம் சேர்க்கிறார்கள். அந்தக் கடற்படை வழக்கத்தின் பெயரையே, டேமேஜ் கண்ட்ரோல் என்று, தங்கள் முறைக்கும் வைத்தார்கள்.

2000-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் தாமஸ் ஸ்காலியாவும் அவர் குழுவும் இதை எலும்புக்குக் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு முறிந்து மிக மோசமான நிலையில் இருந்த 43 பேருக்கு முதல் நாள் உள் ஆணி போடவில்லை. வெளியே கம்பிச் சட்டகம் மட்டும் பொருத்தி, பிறகு அவர்களில் பலருக்கு ஆணிக்கு மாற்றினார்கள். உள் ஆணிக்கு ஆன நேரம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல், வெளிச் சட்டகத்துக்கு 35 நிமிடம். உள் ஆணியில் போன ரத்தம் 400 மில்லி, வெளிச் சட்டகத்தில் 90 மில்லி. சாகக் கிடப்பவருக்கு இந்த ஒன்றரை மணி நேரமும் முந்நூற்றுப் பத்து மில்லியும் எவ்வளவு பெரிது!

இப்போது நம் இளைஞரிடம் திரும்புவோம். அந்த இரவில் அறுவை அரங்கில் என்ன நடக்கிறது?

அரங்கின் ஏசியைக் குறைக்கிறோம். எங்களுக்கு வியர்த்துக் கொட்டும், கொட்டட்டும். அவருக்கு வெதுவெதுப்பான காற்றுப் போர்வை. ஏற்றும் ரத்தமும் சூடாக்கப்பட்டுப் போகிறது. வயிற்று மருத்துவர் ஒருபுறம் மண்ணீரலை எடுக்கிறார். அவர் முடிக்கிற நேரத்துக்குள் நாங்கள் தொடைக்கு வருகிறோம். கத்தியால் நீண்ட கீறல் எதுவும் இல்லை. தொடையின் வெளிப்பக்கத்தில் விரல்நுனி அளவு ஒரு வெட்டு. இடுக்கியால் தசையை விலக்கி எலும்பைத் தொடுகிறோம். 5 மில்லிமீட்டர் கனமுள்ள திருகுக் கம்பி எலும்பின் இரண்டு சுவரையும் கடந்து இறங்குகிறது. இரண்டாவது சுவரைப் பிடிக்கும்போது கைக்கு ஒரு தனி இறுக்கம் தெரியும். அதைக் கண் பார்க்காது, கைதான் சொல்லும். முறிவுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. உதவியாளர் பாதத்தைப் பிடித்து நிதானமாக இழுக்கிறார். குட்டையாகிக் கிடந்த கால் நீள்கிறது, திரும்பிக் கிடந்த பாதம் நேராகிறது. வெளியே கார்பன் தண்டு ஒன்றை நான்கு கம்பிகளோடும் கவ்விகளால் பூட்டி, சாவியால் முறுக்குகிறோம். கால் நிற்கிறது. எலும்பின் முனைகள் துல்லியமாகப் பொருந்தவில்லையா? இன்றைக்கு வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் விலகி நிற்கிறதா? நிற்கட்டும். அடுத்த கால்.

இடுப்பெலும்பு விரிந்து ரத்தம் கொட்டினால், பட்டை ஒன்றை, அது இல்லாவிட்டால் ஒரு படுக்கை விரிப்பை, தொடை மூட்டு மட்டத்தில் சுற்றி இறுக்குகிறோம். ரத்தக் குழாய் அறுந்திருந்தால் அதற்குள் சிறு குழலைச் செருகி ஓட்டத்தை மீட்கிறோம். திறந்த காயத்தைக் கழுவி, செத்த சதையை நீக்குகிறோம். அத்தோடு சரி. அரங்கின் விளக்கை அணைத்துவிட்டு ஐசியூவுக்கு அனுப்புகிறோம்.

இது அரைகுறை வேலையா? இல்லை. இங்கே நிறுத்துவதற்குத்தான் அதிகத் தேர்ச்சி வேண்டும். இளம் மருத்துவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குச் சொல்கிறேன். செய்யத் தெரிந்த அறுவையைச் செய்யாமல் கையுறையைக் கழற்றி வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த வேலை, இரண்டு கட்டங்களுக்கும் நடுவே, ஐசியூவில். அது மருத்துவமனையிலேயே கடினமான உழைப்பு. உடம்பைச் சூடாக்க வேண்டும். ரத்தத்தை மட்டும் ஏற்றினால் போதாது, பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் உரிய விகிதத்தில் சேர வேண்டும். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த டிரானெக்ஸாமிக் அமிலம் என்று ஓர் எளிய மருந்து உண்டு, விலையும் மலிவு. 40 நாடுகளில், 274 மருத்துவமனைகளில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். இந்திய மருத்துவமனைகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் உயிர் காக்கிறது, அதற்குப் பிறகு பயன் இல்லை. மணி நேரத்துக்கு மணி நேரம் லாக்டேட், அதாவது ரத்தத்தில் சேர்ந்த அந்த லாக்டிக் அமிலத்தின் அளவு, பார்க்கிறோம். அது இறங்குகிறதா, சிறுநீர் பிரிகிறதா, வென்டிலேட்டரின் உதவி குறைகிறதா? "ஒண்ணுமே பண்ணல" என்று வாசலில் நிற்பவர்கள் நினைக்கிற நாட்கள் இவைதாம்.

இரண்டாம் கட்டமான பெரிய அறுவைக்கு எப்போது திரும்புகிறோம்? இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உடலின் கிளர்ச்சி உச்சத்தில் இருக்கும், வீக்கமும் அப்படியே. அப்போது கை வைப்பதைத் தவிர்க்கிறோம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை ஒரு நல்ல வாய்ப்பு திறக்கிறது. அந்த நாட்களில் வெளிக்கம்பியைக் கழற்றிவிட்டு உள்ளே ஆணியைப் போடுகிறோம். இரண்டு வாரத்தைத் தாண்ட விடக்கூடாது. கம்பி நுழைந்த துளைகளில் கிருமி குடியேறினால், பிறகு போடும் ஆணியும் சீழ் பிடிக்கும். ஆகவே இதில் அவசரமும் கேடு, அசட்டையும் கேடு.

மூட்டுப் பக்கத்து முறிவுகளிலும் இதே முறைதான். முழங்காலுக்குக் கீழேயோ கணுக்காலிலோ எலும்பு நொறுங்கினால் தோல் பளபளவென்று வீங்கிக் கொப்புளம் போடும். அந்தத் தோலைக் கீறினால் மூடாது. வெளிச் சட்டகம் போட்டுக் காலைத் தூக்கி வைத்துவிட்டு, தினமும் போய்த் தோலைப் பார்க்கிறோம். வீக்கம் வடிந்து தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழ வேண்டும். அதற்குப் பத்து நாள், பதினைந்து நாள்கூட ஆகலாம். "தோல் சுருங்கலையாம், அதனால ஆபரேஷன் இல்லையாம்" என்று வீட்டில் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சுருக்கத்தைப் பார்த்த அன்று எங்களுக்கு வரும் மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

ஆனால், அன்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாருக்கும் இரண்டு கட்டமா? இல்லவே இல்லை! தொடை எலும்பு ஒன்று மட்டும் முறிந்து, மற்றபடி உடல் உறுதியாக இருப்பவருக்கு முதல் நாளே முழு அறுவையும் செய்வதுதான் சரி. பாப்பே குழுவினரே 2007-ல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காட்டினார்கள். உடல் நிலை உறுதியாக இருந்தவர்கள் முதலிலேயே ஆணி போட்டதால் வென்டிலேட்டரிலிருந்து விரைவாக மீண்டார்கள். விளிம்பில் நின்றவர்களுக்குத்தான் அதே ஆணி நுரையீரலைக் கெடுத்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் ஹெதர் வாலியர் குழுவினர் இன்னும் தெளிவாக எல்லை போட்டார்கள். முதலுதவிக்குப் பின் லாக்டேட் 4-க்குக் கீழே இறங்கி, ரத்தத்தின் அமிலக் குறியீடு 7.25-ஐ எட்டிவிட்டால் 36 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்றார்கள். ஆகவே, உடல் தாங்கக்கூடியவருக்கு இரண்டு கட்டமாகச் செய்து, இரண்டாவது மயக்கத்தையும் இரண்டாவது செலவையும் அவர் தலையில் கட்டுவது முறையன்று. இரவில் ஆள் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு இந்த முறையின் பெயரைச் சூட்டுவதும் முறையன்று.

அதே வேளை, சிறிய ஊர் மருத்துவமனைக்கு இந்த முறை பெரிய வரம் என்பேன். தாலுகா மருத்துவமனையில் உள் ஆணி போடும் வசதி இருக்காது, தொடர் எக்ஸ்ரே கருவி இருக்காது. ஆனால் வெளிச் சட்டகம் போட ஒரு துளைக் கருவியும் பழகிய ஒரு மருத்துவரும் போதும். ரத்தத்தை நிறுத்தி, காலை நிறுத்தி, ஆளைச் சூடாகப் பொதிந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். முதல் கட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறதே!

காலையே காப்பாற்றுவதா, எடுப்பதா என்ற கேள்வி எழும் இடங்களும் உண்டு. எலும்பும் தசையும் தோலும் சிதைந்த கால். இதற்கு அளவுகோல் தந்தவர்களில் முதல் வரிசையில் நம் கோயம்புத்தூர் இருக்கிறது. கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவினரும் 2006-ல் வெளியிட்ட காய மதிப்பெண் முறை உலகம் எங்கும் எலும்பு மருத்துவர்களுக்குத் தெரியும். தோல், எலும்பு, தசை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். 14-ம் அதற்குக் கீழும் என்றால் காலைக் காக்கலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே உயிருக்கு நல்லது. இடையில் விழுபவர்களுக்கு அனுபவமுள்ள குழு கூடி முடிவெடுக்க வேண்டும். இதையும் முதல் இரவில் அவசரப்பட்டு முடிக்க வேண்டியதில்லை. கழுவி, நிறுத்தி, மறுபடி பார்க்க நமக்கு நேரம் தருவது இந்த இரண்டு கட்ட முறைதான்.

இனி நம் சாலைகளுக்கு வருகிறேன். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். இத்தனைக்கும் நம்மிடம் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் வந்தது. விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரம் அவரிடம் பணம் கேட்காமல் சிகிச்சை. ரத்தம் நிறுத்தி, கால் நிறுத்தி, உடலைத் தேற்றும் அதே நேரம் அது. மனமாரப் பாராட்டுகிறேன். அதே மனத்தோடு ஒன்றைக் கேட்கவும் செய்கிறேன். இரண்டாம் கட்ட அறுவை 48 மணி நேரத்துக்குள் வராது, ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோதான் வரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பம் அன்றைக்கு எங்கே போய் நிற்கும்? ஒரே சிகிச்சையின் முதல் பாதிக்குக் கைகொடுத்த அரசு, மறுபாதிக்கும் கைகொடுக்க வேண்டும். சொந்த ஊர் தெரியாமல் கிடக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் அது சேர வேண்டும்.

உங்களிடமும் சில கேட்கிறேன். இவற்றை வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

விபத்தைப் பார்த்தால் விலகிப் போகாதீர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 134அ, உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயர் சொல்லச் சொல்லிக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அடிபட்டவர் முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். சோடா உடைத்து வாயில் ஊற்றாதீர்கள். அவருக்குக் குளிர்தான் எதிரி, வயிற்றில் சேரும் தண்ணீர் மயக்க மருந்து கொடுக்கும்போது நுரையீரலுக்குள் போய்விடும். உங்கள் துண்டை, வேட்டியை, சால்வையை எடுத்துப் போர்த்துங்கள். கையொருவர் காலொருவராகத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். ரத்தம் கொட்டும் இடத்தைத் துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

முதல் கட்டம் முடிந்ததும் "உயிர் தப்பியாச்சு, இனி கட்டுப் போட்டுப் பார்த்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டு ஆளை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். வெளிக்கம்பியோடு ஊருக்குப் போய், ஒரு மாதம் கழித்துச் சீழோடு திரும்பி வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறபோது மனம் பதறுகிறது. இரண்டாம் கட்டம் என்றைக்கு, எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள், அதுவரை கம்பித் துளைகளை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இவற்றுக்கு விளக்கமாகப் பதில் சொல்வது எங்கள் கடமை. சொல்லாத மருத்துவரை விடாதீர்கள்.

கடைசியாக, மாணவச் செல்வங்களே, இந்த அரங்கின் வாசலில் ரத்த வங்கிக்காரர்கள் மேசை போட்டிருக்கிறார்கள். நான் இறங்கிப் போனதும் முதல் ஆளாகக் கை நீட்டப்போகிறேன். பதினெட்டு வயது நிறைந்து உடல் நலத்தோடு இருப்பவர்கள் என் பின்னால் வரிசையில் வந்து நில்லுங்கள். தலைக்கவசம் கொண்டுவராமல் பைக்கில் வந்தவர்கள், தயவுசெய்து இன்று பேருந்தில் வீடு போய்ச் சேருங்கள்.